ஜீப்புக்குப் பழைய இன்ஜின் தேடுறவங்களுக்கு

உங்க வீட்டு ஜீப்போட இன்ஜின் முடிஞ்சுபோச்சு. "இதோட மல்லாடாதீங்க, பழைய இன்ஜின் ஒண்ணு புடிச்சு மாத்திடலாம்"னு மெக்கானிக்கும் சொல்லிட்டார். அந்த நிலையில இருக்கிறவங்களோடதான் இன்னைக்குப் பேசப்போறேன். திண்டுக்கல் மலையில ஆடலூர், பன்றிமலை, கே.சி.பட்டி, தாண்டிக்குடி பக்கம் காப்பியும் மிளகும் வாழையும் எஸ்டேட்டை விட்டு ரோட்டுக்கு வர்றதுக்கு இன்னும் இந்தப் பழைய ஜீப்தான் கதி. நிறைய பேருக்கு அது அப்பா வாங்கின வண்டி, காயலான் கடைக்குத் தள்ளிவிட மனசு வராது. சரி, மாத்துவோம். ஆனா பழைய இன்ஜின் கடை தேடி புதுப்பேட்டைக்கோ உக்கடத்துக்கோ பஸ் ஏறுறதுக்கு முன்னாடி, பீரோவைத் திறந்து ஆர்.சி. புக்கை எடுங்க. எரிபொருள்னு இருக்கிற இடத்துல பெட்ரோலா, டீசலான்னு பாருங்க. எந்த இன்ஜின் வாங்கணும்ங்கிறதுல பாதிக்கு மேல அந்த ஒரு வரியிலேயே முடிவாயிடும்.

ஏன்னு சொல்றேன். மகிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்பை இந்தியாவுல பூட்டி விக்க ஆரம்பிச்சது 1940-களோட கடைசியில. பின்னால ரொம்ப வருஷம் ஓடின சி.ஜே. 3பி ஜீப்புல இருந்தது ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜின். நாலு சிலிண்டர், 2,199 சிசி. இன்லெட் வால்வு ஹெட்ல, எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்ல இருக்கும். அருமையான இன்ஜின்தான், ஆனா மலையில பெட்ரோல் குடிக்கும். அதனால டீசல் மலிவா இருந்த காலத்துல அதைக் கழட்டிப் போட்டுட்டு டீசல் இன்ஜின் ஏத்தினவங்க ஏராளம். டிராக்டர் வழியில வந்த இன்டர்நேஷனல் இன்ஜின், எம்.எம். 540-ல வந்த 2,112 சிசி பெஜோ, அதுக்கப்புறம் 2,498 சிசி பெஜோ, மேட்டடார் இன்ஜின்னு கிடைச்சது எல்லாம் ஏறுச்சு. சிலர் ஆர்.டி.ஓ. ஆபீசுல காட்டி ஆர்.சி.யில ஏத்திக்கிட்டாங்க. சிலர் அப்படியே விட்டுட்டாங்க.

இப்போ அப்படி விட முடியாது. மோட்டார் வாகனச் சட்டம், 1988, 52-ஆவது பிரிவு என்ன சொல்லுதுன்னா, தயாரிச்ச கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா ஆர்.சி. விவரம் போகிற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி மாதிரி அங்கீகாரம் உள்ள கிட் போடுறதுக்கு மட்டும் தனி வழி வச்சிருக்காங்க. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதியா சொல்லிடுச்சு. அதனால ஆர்.சி.யில பெட்ரோல்னு இருந்தா, டீசல் ஆசையை இன்னைக்கே விட்டுடுங்க. அதே ஹரிக்கேன் இன்ஜின்ல நல்லதா ஒண்ணு தேடுங்க. இல்லைன்னா உங்ககிட்ட இருக்கிறதையே லேத் பட்டறையில கொடுத்து போர் பண்ணி எடுங்க.

"மலைக்குள்ள யாரு சார் பார்க்கப்போறா"ன்னு கேக்கிறவங்க இருக்காங்க. யாரும் பார்க்க மாட்டாங்கன்னே வச்சுக்குவோம். வண்டி கொண்டை ஊசி வளைவுல கவிழ்ந்தா என்ன ஆகும்? பின்னாடி உக்காந்திருந்தவங்க மிளகு பறிக்கப் போன கூலி ஆளுங்க. ஆர்.சி.யில ஒரு இன்ஜின், வண்டியில வேற இன்ஜின்னா, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இழுத்தடிக்க அது ஒண்ணு போதும். அந்தக் குடும்பங்கள் வருஷக்கணக்கா கோர்ட்டுக்கு அலையணும். நம்ம சிக்கனத்துக்கு அவங்க ஏன் அலையணும்?

இன்னொரு விஷயம். உங்க ஜீப் முதல்ல பதிவாகி 50 வருஷம் தாண்டியிருந்தா, 2021-ல வந்த விதிப்படி விண்டேஜ் வண்டியா பதிய வழி இருக்கு. ஆனா சேசிஸ், பாடி, இன்ஜின் எல்லாம் அசல் ரூபத்துல பெரிய மாற்றம் இல்லாம இருக்கணும். அப்படிப் பதிஞ்ச வண்டியைத் தினசரி ஓட்டவும் முடியாது. உழைக்கிற ஜீப்புக்கு இது சரிவராது. இருந்தாலும் உங்க பழைய இன்ஜினை எடைக்குப் போட்டுடாதீங்க. பிளக் ஓட்டையில ஆயில் ஊத்தி, வாயெல்லாம் துணி அடைச்சு, ஈரம் ஏறாம பலகை மேல தூக்கி வைங்க. நாளைக்கு உங்க பையன் கேப்பான்.

ஆர்.சி.யில டீசல்னு இருந்தா கொஞ்சம் இடம் இருக்கு. அதே கம்பெனி, அதே ரக இன்ஜின்னு தேடுங்க. வாங்குறதுக்கு முன்னாடியே திண்டுக்கல் ஆர்.டி.ஓ. ஆபீசுல எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்க. மாத்தின 14 நாளைக்குள்ள தெரிவிச்சு ஆர்.சி.யில புது நம்பரை ஏத்தணும். வண்டி மேல கடன் இருந்தா, கடன் கொடுத்தவங்களோட எழுத்துச் சம்மதமும் வேணும். எம்.எம். 540, கமாண்டர், மேஜர்னு அந்த வரிசை வண்டிகள்ல பெஜோவும் வந்துச்சு, 2,523 சிசி டி.ஐ. இன்ஜினும் வந்துச்சு. உங்க மாடலுக்குக் கம்பெனியே எதைப் பூட்டி அனுப்புச்சுன்னு பார்த்து அதைக் கேளுங்க. உங்களுக்கு ரெண்டுல ஒண்ணு எடுக்க வழி இருந்தா, இந்த மலைக்கு என் ஓட்டு டி.ஐ.க்குத்தான். பெஜோ சத்தம் கம்மி, ஓட்டம் மெத்துன்னு இருக்கும், ஒத்துக்கிறேன். ஆனா மார்கழி விடியக்காலையில ஹீட்டர் பிளக் சூடு ஆகாம அது உயிர் பிடிக்காது. டி.ஐ. முரட்டு இன்ஜின், குளிருலயும் சட்டுனு கிளம்பும். பொலிரோ பிக்கப் ஓடுற ஊர்ல எல்லாம் சாமான் கிடைக்கும். வத்தலக்குண்டுல, ஒட்டன்சத்திரத்துல எந்தப் பட்டறையில விட்டாலும் கை வைக்க ஆள் இருக்கு. மழையில ரோடு அடைபட்டு வண்டி நின்னுபோனா, அது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்கே தெரியும்.

அம்பாசடர் வச்சிருக்கிறவங்களுக்கும் இதே கணக்குதான். 1,489 சிசி இன்ஜின் போயிடுச்சுன்னா எல்லாரும் 1,817 சிசி இசுசு பெட்ரோல் இன்ஜினைத்தான் சொல்வாங்க. இந்துஸ்தான் மோட்டார்ஸே அம்பாசடர்ல போட்டு வித்த இன்ஜின், கூடவே அஞ்சு கியர் பாக்ஸ் வரும், அந்தப் பாடியில உக்காரும். ஆனாலும் சிசி மாறுது. அனுமதி கைக்கு வராம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

இப்போ கடைக்கு வாங்க. இதை நிதானமா சொல்றேன், காசு போறதும் நிக்கிறதும் இங்கதான்.

கடைக்காரர் இன்ஜினை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வச்சுட்டு உங்களைக் கூப்பிடலாம், அதனால கையை பிளாக் மேல வச்சுப் பாருங்க. சூடா இருந்தா, "நாளைக் காலையில வர்றேன், நான் வந்தப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிடுங்க. ஆறிக் கிடக்கிற இன்ஜின்தான் உண்மையைச் சொல்லும். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் ஊத்துற மூடியைத் திறங்க. லேசா ஆவி வந்தா பரவாயில்ல. இன்ஜின் துடிக்கிற ஒவ்வொரு துடிப்புக்கும் குப்கு‌ப்புனு புகை அடிச்சா, ரிங்கும் போரும் தேஞ்சுபோச்சுன்னு அர்த்தம். ஸ்டிக்கை உருவிப் பாருங்க. ஆயில் வெளுத்து நுரைச்சிருந்தா தண்ணி கலந்திருக்கு, ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம், ஹெட்டே விரிசல் விட்டிருக்கலாம். சைலன்சர்ல நீலப் புகை வந்தா ஆயில் எரியுது. ரேடியேட்டர் தண்ணியில விடாம குமிழி வந்தா அந்த இன்ஜினை விட்டுட்டு வாங்க, பேரம் பேசக்கூட நிக்காதீங்க.

கம்ப்ரஷன் மீட்டர் கையில கொண்டு போங்க. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் தனித்தனி மீட்டர், டீசல்ல அழுத்தம் மூணு மடங்கு வரும். மொத்த அளவை விட, நாலு சிலிண்டரும் ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல நிக்குதாங்கிறதுதான் முக்கியம். ஹரிக்கேன்ல 10 பி.எஸ்.ஐ.க்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது. இதே மீட்டரை ஆடலூருக்குக் கொண்டுவந்து வச்சா பத்துல ஒரு பங்கு குறைச்சுக் காட்டும். ஆயிரம் மீட்டருக்கு மேல காத்து அவ்வளவு மெலிசு, இன்ஜின் மேல தப்பு இல்ல.

கடைக்காரர் சம்மதிச்சா ஹெட்டைத் தூக்கச் சொல்லுங்க. பிஸ்டன் தலையில கரியைச் சுரண்டினா கீழே சைஸ் அடிச்சிருக்கும். ஒண்ணும் இல்லைன்னா ஸ்டாண்டர்ட், இன்னும் ஒண்ணு ரெண்டு தடவை போர் பண்ண இடம் இருக்கு. கடைசி ஓவர்சைஸ் வரைக்கும் போயிருந்தா அடுத்தது ஸ்லீவ்தான், விலையை அதுக்குத் தகுந்த மாதிரி பேசுங்க.

அப்புறம் நம்பர். பிளாக்ல இன்ஜின் நம்பர் இருக்கிற இடத்தை வயர் பிரஷ் போட்டுத் தேய்ச்சு, சாக்பீஸ் தடவிப் பாருங்க. எழுத்து ஏத்தமும் இறக்கமுமா இருந்தாலோ, அந்த இடம் மட்டும் கிரைண்டர் போட்டு வழவழன்னு இருந்தாலோ, எவ்வளவு நல்ல இன்ஜினா இருந்தாலும் வேண்டாம். திருட்டு வண்டியோட இன்ஜினா இருந்தா ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறது நீங்க. பில் வாங்குங்க, கழட்டின வண்டியோட ஆர்.சி. நகலும், பதிவு ரத்தான காகிதமும் கேளுங்க. கொடுக்காத கடையில வாங்காதீங்க.

பூட்டுற வேலையை மெக்கானிக் பார்த்துக்குவார், சிலதை மட்டும் நீங்க கேட்டு வாங்குங்க. டீசல்ல பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் தானா கிடைக்காது, வேக்குவம் பம்ப் உள்ள ஆல்டர்னேட்டர் இருக்கணும். முதல் கியர்ல ஏறும்போது எதிர்க்காத்து வராது, அதனால ஃபேன் கவரைக் கழட்டி மூலையில போட விடாதீங்க. "இழுவை பத்தல, பம்ப் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திறந்து விடுறேன்"னு சொன்னா வேண்டாம்னுடுங்க. காத்து மெலிஞ்ச இடத்துல டீசலைக் கூட்டினா கறுப்புப் புகைதான் கூடும். பெட்ரோல் இன்ஜின்னா டியூபையும் பம்ப் டயஃப்ரமையும் புதுசா போடுங்க. இப்போ பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் இருக்கு, பழைய ரப்பரை அது அரிச்சுடும்.

எல்லாம் முடிஞ்சு வண்டி கைக்கு வந்ததும் ஏத்தத்துல இழுக்குதான்னுதான் எல்லாரும் பார்ப்பாங்க. இறக்கத்தைப் பாருங்க. பெட்ரோல் இன்ஜின்ல ஆக்சிலேட்டரை விட்டா காத்து அடைபட்டு வண்டியைப் பிடிக்கும். டீசல்ல அந்த அடைப்பு கிடையாது. வேற ஜீப்புல ரெண்டாவது கியர்ல இறங்கிப் பழகின வளைவுல, இந்த இன்ஜினும் அதே பிடி பிடிக்கும்னு நம்பிடாதீங்க. ஆடலூர்ல இருந்து தருமத்துப்பட்டி வரைக்கும் ஆளும் இல்லாம, மூட்டையும் இல்லாம, பகல் வெளிச்சத்துல ஒரு தடவை இறங்குங்க. எந்த வளைவுக்கு எந்த கியர்னு தெரிஞ்சுக்குங்க. கீழே போனதும் நாலு டிரம்மையும் கையைப் பக்கத்துல கொண்டுபோய்ப் பாருங்க. அனல் அடிச்சா இன்னும் ஒரு கியர் கீழே போட்டு இறங்கணும்னு அர்த்தம். ஆளையும் மூட்டையையும் அதுக்கப்புறம் ஏத்துங்க.