விருந்தினராய் இருக்கக் கற்றோம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நேபாள நாட்டில் நாங்கள் ஆற்றிய தொண்டைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். தலைப்பைச் சற்று மாற்றிக்கொள்ளச் சபையோரின் அனுமதியை வேண்டுகிறோம். நாங்கள் ஆற்றிய தொண்டு சிறிது. ஒரு மலைக்கிராமத்துப் பாடசாலையிலே பத்துக் கிழமைகள் கணிதமும் ஆங்கிலமும் படிப்பித்தோம், அவ்வளவே. அங்கே எங்களை ஏற்று வைத்திருந்த குடும்பம் எங்களுக்கு ஆற்றிய தொண்டோ பெரிது. அதைப் பற்றியே பேச விரும்புகிறோம். சென்றவர்கள் இருவர், இன்று பேசுபவர் ஒருவரேயாயினும், 'நாங்கள்' என்று சொல்வதுதான் உண்மைக்குப் பொருந்தும்.

பிறநாடு சென்று கைத்தொண்டு செய்யும் வழக்கம் புதிதன்று. முதல் உலகப் போரில் அழிந்த எஸ்ன் என்னும் பிரெஞ்சுக் கிராமத்தைத் திருத்த, 1920 ஆம் ஆண்டிலே பியேர் செரசோல் என்னும் சுவிற்சர்லாந்து நாட்டவர் ஒரு சிறு கூட்டத்தை அழைத்துச் சென்றார். நேற்றுவரை பகைவராயிருந்த ஜெர்மானியரும் அக்கூட்டத்தில் இருந்தனர். 1934 சனவரி 15 ஆம் நாள் நேபாளத்தையும் பீகாரையும் உலுக்கிய பூகம்பத்தின் பின் அவரே பீகாருக்கு வந்து ஊர்களைக் கட்டியெழுப்ப உதவினார். 1961 இல் தொடங்கிய அமெரிக்க சமாதானப் படையினர் அடுத்த ஆண்டிலேயே நேபாளத்துக்கும் நமது நாட்டுக்கும் வந்தனர். இச்சபையிலுள்ள முதியோர் சிலருக்கு அது நினைவிருக்கலாம். இவர்கள் என்ன கொடுத்தார்கள் என்பது ஏடுகளில் இருக்கிறது. அவர்களுக்குச் சோறிட்ட அடுக்களைகளைப் பற்றி எழுதியவர் குறைவு.

நாங்கள் சென்றது 2023 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில். கத்மண்டுவிலிருந்து பிரித்திவி நெடுஞ்சாலை வழியே பேருந்தில் சென்று, கோர்க்கா மாவட்டத்து மலையொன்றில் ஏறினோம். 2015 ஏப்பிரில் 25 ஆம் நாள் ஏறத்தாழ ஒன்பதாயிரம் உயிர்களைக் கொண்ட பூகம்பம் அம்மாவட்டத்திலேதான் தோன்றியது. நாங்கள் தங்கிய வீடும் அதன்பின் புதிதாய்க் கட்டியதே. பாட்டியார், தாய், பதினாறு வயது மகன், பதினொரு வயது மகள் ஆகிய நால்வர் அங்கே வாழ்ந்தனர். தந்தை கட்டார் நாட்டில் வேலை. பிராமண வேளாண் குடும்பம். ஓர் எருமை, இரண்டு ஆடு, படிப்படியாய் இறங்கும் சிறு வயல்கள். நமது மணிக்கூட்டுக்கும் அவர்களது மணிக்கூட்டுக்கும் கால்மணி நேரமே வித்தியாசம். சுவரிலே தொங்கிய நாட்காட்டியோ விக்கிரம ஆண்டு 2080 என்று காட்டியது!

முதல் இரவிலேயே தவறிழைத்தோம். விறாந்தையிலே வைக்கோற் பாய் விரித்துச் சோறும் பருப்பும் கீரையும் படைத்தார்கள். உண்டு முடித்ததும், வீட்டாருக்குச் சிரமம் வைக்கலாகாதென்று பாதிரிமார் பாடசாலை விடுதியில் பழகிய பழக்கத்தால், எங்கள் தட்டுகளை நாங்களே தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள் நுழைந்தோம். அடுப்பருகே இருந்த பாட்டியார் உரத்த குரலில் ஏதோ சொன்னார். தாய் ஓடிவந்து தட்டுகளை வாங்கி, "கேஹி சைனா, கேஹி சைனா" என்றார். பரவாயில்லை என்பது பொருள். பரவாயில்லை என்றே நாங்களும் உறங்கிவிட்டோம்.

நடந்தது யாதென்று மறுநாள் அந்தச் சிறுமிதான் சொன்னாள். குலம் தெரியாத பிறநாட்டார் எச்சில் தட்டோடு அடுக்களை மிதித்தமையால், பாட்டியார் அந்தப் பானைச் சோற்றைத் தொடவில்லை. பாலை மாத்திரம் பருகிப் படுத்துவிட்டார். மிஞ்சிய சோறு எருமைக்குப் போயிற்று. விடியுமுன் தாய் எழுந்து அடுக்களையைச் செம்மண்ணும் சாணமும் இட்டு மெழுகினார். தொண்டு செய்ய வந்தவர்களின் முதல் தொண்டு, ஒரு மூதாட்டியைப் பட்டினி போட்டது!

எங்களுக்கு வெட்கம் உண்டாயிற்று. அதைவிடக் கூடுதலாகக் கோபமும் உண்டாயிற்று என்பதை மறையாது சொல்கிறோம். நாங்களும் சைவர்களல்லவா? எச்சிலை ஜூட்டோ என்கிறார்கள். சொல் வேறாயினும் பொருளை நாங்கள் அறியாதவர்களா? செம்பிலே வாய் வையாமல் அண்ணாந்து குடிக்க எங்களுக்கும் தெரியுமே. எங்களையா விறாந்தையில் இருத்துவது? இப்படி இரண்டு நாட்கள் மனத்துக்குள் வாதாடினோம். மூன்றாம் நாள் ஓருண்மை எங்களைச் சுட்டது. அந்த விதியை நாங்கள் வெறுக்கவில்லை. அதன் வெளிப்புறத்திலே எங்களை வைத்ததைத்தான் வெறுத்தோம். அதை மறுபடி சொல்ல வேண்டிவரும். இப்போது, அவ்வீட்டிலே எப்படிக் குடிபுகுந்தோம் என்று சொல்கிறோம்.

முதலில் மொழி. நாம் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படியாய்ப் பேசுவதுபோல அவர்களும் தங், திமி, தபாயி என்று பேசுகிறார்கள். மகன் தன் தாயைத் 'திமி' என்று அழைக்கக் கேட்டு, நாங்களும் பாட்டியாரை அவ்வாறே அழைத்தோம். வீடே சிரித்தது, பாட்டியார் முதன்முறையாய்ச் சிரித்ததும் அன்றுதான். தாயை 'ஆமா' என்று அழைத்தோம். மகனும் மகளும் எங்களை 'தாய்' என்று அழைத்தார்கள். அவர்கள் மொழியில் அது மூத்த சகோதரனுக்குரிய சொல். இருவரும் தமிழிலே தாய்மாராகி விட்டோமென்று சொல்லிச் சிரிக்க அங்கே ஒருவருமில்லை! காலையில் யாரைக் கண்டாலும் உணவு உண்டாயிற்றா என்பதுதான் கேள்வி. நம்மூர் ஒழுங்கையிலே "சாப்பிட்டாச்சே?" என்று கேட்பதுபோல இருந்தது.

இரண்டாவது, நன்றி சொல்வதை நிறுத்தினோம். தேத்தண்ணீர் தந்தால் ஒரு நன்றி, பாய் தந்தால் ஒரு நன்றி என்று பாடசாலை எங்களைப் பழக்கியிருந்தது. நாளுக்கு இருபது முறை 'தன்யவாத்' என்போம். ஒரு நாள் ஆமா மகளிடம், "இவர்கள் கடைக்கு வந்தவர்களா, வீட்டுக்கு வந்தவர்களா?" என்று கேட்டாராம். நம் வீட்டிலும் அம்மாவுக்கு யார் நன்றி சொல்கிறார்கள்? தட்டை நீட்டினால் அதுவே நன்றி. "மீட்டோ ச்சா", ருசியாயிருக்கிறது, என்று சொல்லி இன்னும் ஓரகப்பை கேட்டபோது அவர் முகத்தில் கண்ட மகிழ்ச்சியை எந்த நன்றியும் தரவில்லை.

மூன்றாவதே கடினமானது. முதற் கிழமை முழுதும் காலை பத்து மணிக்கும் இரவும் எங்களுக்குச் சோறு வந்தது. ஒரு நாள் பாடசாலையிலிருந்து நேரத்தோடு திரும்பியபோது, ஆமாவும் மகளும் திண்டோ உண்டுகொண்டிருந்தார்கள். சோளமாவையோ குரக்கன்மாவையோ கொதிநீரிற் கிளறிச் செய்யும் களி அது. அவர்கள் வயலில் விளைந்த நெல் ஆண்டு முழுதும் போதாது. எங்களுக்குச் சமைத்தது கடைத்தெருவில் விலைக்கு வாங்கிய அரிசி.

பெரியபுராணத்து இளையான்குடிமாற நாயனாரின் வரலாற்றை இச்சங்கத்தின் குருபூசைகளிலே எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! மழை இரவில் வந்த அடியாருக்காக அன்று விதைத்த முளைநெல்லை வாரிவந்து சமைத்த வறியவர் அவர். கேட்கும்போதெல்லாம் நம்மை நாயனாராகவே எண்ணிக்கொள்கிறோம். வேறொருவருடைய விதைநெல் நமக்காக வேகும்போது திண்ணையிலே காத்திருப்பவராய் நம்மை ஒருநாளும் எண்ணியதில்லை. அன்று அப்படி இருந்தோம். "எங்களுக்கும் திண்டோவே தாருங்கள்" என்று கேட்டோம். ஆமாவின் முகம் வாடிவிட்டது. தம் சோற்றிற் குறை கண்டோமென்று எண்ணினார். பல நாள் பேசி, காலை திண்டோ, இரவு சோறு என்று ஒப்பந்தமாயிற்று. கிள்ளி எடுத்து, குந்த்ருக் என்னும் புளித்த கீரைச் சாற்றில் தோய்த்து, மெல்லாமல் விழுங்கவேண்டுமென்று அந்தச் சிறுமி படிப்பித்தாள். நாங்கள் மென்று, பல்லில் ஒட்டித் தவித்ததைக் கண்டு அயல் பிள்ளைகளெல்லாம் கூடிவிட்டார்கள்.

நான்காம் கிழமை இருவருக்கும் வயிற்றுநோய் கண்டது. மூன்று நாட்கள் எழமுடியவில்லை. ஆமா நாங்கள் சத்தியெடுத்ததைக் கழுவினார். அரிசியும் பருப்பும் மஞ்சளும் சேர்த்துக் குழைய வேகவைத்த ஜாவுலோவை ஊட்டாத குறையாகத் தந்தார். கூசிப்போய், வேண்டாம், நாங்களே கழுவுகிறோம் என்றோம். அவர் கேட்கவில்லை. குரு தம் கால்களைக் கழுவ வந்தபோது பேதுரு என்னும் சீடர் மறுத்த கதையை வேதபாட வகுப்பிலே பலமுறை கேட்டிருந்தோம். பிறர் நமக்குச் செய்யும் பணியை மறுப்பதிலும் ஒரு கர்வம் உண்டென்பதை, அந்த வகுப்பில் அல்ல, அந்தப் பாயிலே கிடந்தபோதுதான் உணர்ந்தோம். பாட்டியார் அறைவாசலில் அமர்ந்து, நாங்கள் குடித்த கோப்பைகளை எண்ணிக்கொண்டிருந்தார். கட்டாரிலிருந்து வெள்ளிதோறும் அழைக்கும் தந்தை அந்த வெள்ளியன்று முதலிற் கேட்டது எங்கள் நலத்தையே.

அவர்களுடைய பெருநாளாகிய தசாயின் வந்தது. நாம் இங்கே நவராத்திரிக் கும்பத்தின் கீழ் நவதானியம் முளைக்க விடுகிறோமல்லவா? அவர்களும் முதல் நாளன்று வாற்கோதுமையை இருட்டறையில் விதைக்கிறார்கள். மஞ்சளாய் வளரும் அந்த முளையை ஜமரா என்பர். பத்தாம் நாள் பெரியவர்கள் அரிசியும் தயிரும் சிவப்பும் குழைத்து இளையோர் நெற்றியில் இட்டு, முளையையும் சூட்டி வாழ்த்துகிறார்கள். அன்று பாட்டியார் பேரப்பிள்ளைகளுக்கு அடுத்தபடியாக எங்களை அழைத்தார். தம் கையாலேயே எங்கள் நெற்றியில் அப்பினார். காதிலே ஜமரா செருகினார். மடியிலிருந்து ஆளுக்கொரு புதுத்தாள் காசு எடுத்துத் தந்து, நெடுநேரம் வாழ்த்தினார்.

இத்துடன் கதையை முடித்தால் இனிமையாயிருக்கும். ஆனால் உண்மை சொல்ல வந்தோம். புறப்பட்ட நாள்வரை அப்பாட்டியார் எங்களை அடுக்களைப் படி தாண்ட விடவில்லை. எங்களிடம் அன்பு வந்தது, விதி மாறவில்லை. கடைசி இரவும் விறாந்தையிலேதான் உண்டோம்.

அங்கே இருந்து எண்ணியதை இப்போது பெரியோர்கள் முன்னிலையிற் பணிவோடு சொல்கிறோம். யார் கையால் யார் நீர் பெறலாம் என்பதையும் வகுத்து வைத்த சட்டக்கோவை நேபாளத்தில் 1854 இல் எழுந்தது. 1963 இல் வந்த புதிய சட்டக்கோவை அதை நீக்கிற்று. 2011 இல் தீண்டாமைக்குத் தண்டனை விதிக்கத் தனிச்சட்டமும் வந்தது. நமது நாட்டிலும் 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது; அதன்பின்னும் 1968 இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாயிலிலே என்ன நடந்ததென்று நம் பெரியோர் அறிவர். சட்டம் கச்சேரிவரை வருகிறது. அடுப்படிவரை வர நெடுங்காலம் பிடிக்கிறது. எங்கள் இருவர் வீட்டிலும் அப்பாச்சிமார் இருந்தார்கள். எங்களுக்கு அன்பே உருவானவர்கள். அவர்கள் காலத்திலே வேலி அடைக்க வந்தவருக்கும் தேங்காய் பிடுங்க வந்தவருக்கும் கோடிப்புற இறப்பிலே செருகிய ஒரு தனிப் பேணி இருந்தது. சிறுபிள்ளைகளாய் அதைக் கண்டிருக்கிறோம்; அதில் ஒன்றும் தோன்றவில்லை. அந்தப் பேணியிலே தேத்தண்ணீர் குடித்தவரின் மனம் எப்படியிருந்திருக்கும் என்று அறிய, எங்களுக்கு ஒரு நேபாளத்து விறாந்தை வேண்டியிருந்தது.

நாங்கள் அங்கே இருந்தது பத்துக் கிழமைகள். அவர் இங்கே இருந்தது ஆயுள் முழுதும்.

ஆகையால், சகோதரர்களே, ஒரு வேண்டுகோள். நம் சங்கம் ஆண்டுதோறும் சிரமதானம் செய்கிறது. குடியிருப்புகளுக்குச் சென்று கிணறு இறைக்கிறோம், ஒழுங்கை திருத்துகிறோம். மத்தியானமானதும் வீட்டிலிருந்து கட்டிச் சென்ற சோற்றுப் பார்சல்களை மர நிழலிலே நமக்குள் அவிழ்த்து உண்டு திரும்புகிறோம். அவர்களுக்குச் சிரமம் கொடுக்கலாகாதென்று காரணமும் சொல்கிறோம். எங்களுக்கு அந்தக் காரணத்தில் இப்போது நம்பிக்கை இல்லை. கொடுக்கும் கை எப்பொழுதும் நமதாகவே இருக்கவேண்டும் என்று நாம் நினைப்பது தொண்டாகாது. அடுத்த முறை பார்சல்களை வீட்டிலேயே விட்டுச் செல்வோம். அங்குள்ள தாய்மார் மனமுவந்து கூழோ பிட்டோ தந்தால், அவர்கள் வீட்டிற்குள் அமர்ந்து, அவர்கள் பேணியிலே நீர் குடித்து, இன்னும் ஓரகப்பை கேட்டு வாங்கி உண்போம். பின்பு அவர்களும் நம் வீடுகளுக்கு வரட்டும், அடுக்களைவரை வரட்டும்.

இதனைப் பெரியோர்கள் பிழையாகக் கொள்ளமாட்டார்கள் என்று நம்புகிறோம். அந்த மலைவீட்டுப் பாட்டியாரை நாங்கள் குறைகூறவில்லை. இட்ட திலகத்தையும் மறக்கவில்லை. அவர் வாழ்த்தை வாங்கிய நெற்றியோடுதான் இதைக் கேட்கிறோம்.