தொழில் என்கிற கட்டம்

(கம்மாபுரத்தில் மாணவர்கள் கூட்டிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

என்னைக் கவிஞர்னு சொல்லி அறிமுகப்படுத்தினீங்க. போன தடவை இந்த ஊர் டீக்கடையில ஒரு நண்பர் 'இவர் எழுத்தாளர்' என்றார். பக்கத்தில் இருந்த பெரியவர் மரியாதையா எழுந்து, "ரைட்டருங்களா, எந்த ஸ்டேஷன்?" என்று கேட்டார். நம்ம பக்கம் ரைட்டர்னா போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர்தான். அவர் எழுதினா ஒருத்தன் உள்ளே போவான். நான் எழுதினா அம்பது பிரதி விக்காது.

சோத்துக்கு பேங்க்ல கிளார்க். கணக்குத் தொடங்குற விண்ணப்பத்தில் 'தொழில்' என்று ஒரு கட்டம் உண்டு. ரைஸ்மில்லும் வட்டிக்கடையும் வச்சிருக்கிறவர் அதில் 'விவசாயம்' என்று எழுதுவார். அவர் கழனியில் குனிஞ்சு நாத்து நடுற எங்கம்மாவுக்கு நானே 'இல்லத்தரசி' என்று போட்டேன். அப்படின்னா என்னடா என்றது. வீட்டுக்கு ராணிம்மா என்றேன். "வீடே ஏரிப் பொறம்போக்குல கெடக்கு, இதுல ராணி வேறயா."

விருத்தாசலத்தைப் பாருங்க. சக்கரத்தில் மண்ணை வைத்துச் சட்டி வனைந்தால் குலத்தொழில். மண்ணைக் கரைத்து அச்சில் ஊற்றி, பொம்மையாகவோ ஃபியூஸ் கட்டையாகவோ சூளையில் சுட்டெடுத்தால் செராமிக் டெக்னாலஜி. அதற்கு அங்கேயே டிப்ளமோ. ரெண்டும் மண்ணு, ரெண்டும் நெருப்பு. தோல் பதனிடுறவனுக்குச் சேரி. அந்தத் தோலில் செஞ்ச ஷூவுக்கு ஏசி ஷோரூம். வேலைகளை மட்டுமல்ல, வேலை செய்கிற மனிதர்களையே அடுக்கடுக்காகப் பிரிப்பதுதான் சாதி என்று 1936லேயே அம்பேத்கர் விளக்கிவிட்டார். ஷோரூம்காரருக்குத்தான் இன்னும் சேதி போகலை.

இதில் விதிவிலக்கு ரூபாய் நோட்டு ஒண்ணுதான். ஊர்த்தெருப் பெரியவர் என் கையில் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டார். நான் எண்ணிக் கொடுத்த கட்டை மட்டும் எச்சில் தொட்டுத் தொட்டு மறுபடி எண்ணுவார்.

சிரிச்சாச்சு. இப்ப அந்த ஸ்டேஷன் விஷயத்துக்கு வர்றேன்.

பேங்க்ல தொழில் என்னன்னு கேட்டாவது எழுதுறோம். கேட்காமலே எழுதிக்கொண்ட சட்டம் ஒன்று இருந்தது. 1871ல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப்பரம்பரைச் சட்டம். 1911ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கூடை முடைகிற, உப்பு விற்கிற குறவர்களுக்கு அரசாங்கமே எழுதிக் கொடுத்த தொழில்: திருட்டு. பிறந்த குழந்தைக்கும் அதே உத்தியோகம்தான், இன்டர்வியூ கிடையாது. 1952ல் நாடு முழுக்கச் சட்டத்தை எடுத்தாச்சு. ஏட்டில் எடுத்தது ஸ்டேஷனில் எடுபடலை. 1993 மார்ச்சில் முதனை கிராமத்துக் குறவர் ராஜாகண்ணுவைத் திருட்டுச் சந்தேகத்தில் இதே கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டு போனார்கள். உயிரோடு திரும்பவில்லை. தப்பித்து ஓடிவிட்டதாகக் கதை சொன்னார்கள். அவர் மனைவி பார்வதி அந்தக் கதையை ஒத்துக்கொள்ளாமல் உயர்நீதிமன்றம் வரை போனார். வழக்கறிஞர் சந்துரு ஆட்கொணர்வு மனுவில் வாதாடினார். 2021ல் 'ஜெய் பீம்' படம் வந்தபோதுதான் நம்ம ஊர்க்காரர்களில் பாதிப்பேர் "நம்ம ஸ்டேஷனா இது?" என்று கேட்டார்கள். மீதிப்பேருக்கு முன்னமே தெரியும், பேசலை.

படம் வந்த கொஞ்ச நாளில் என் கவுன்ட்டருக்கு ஒரு பெரியவர் வந்தார். கைநாட்டு. நான்தான் பூர்த்தி செய்தேன். தொழில் என்னங்கய்யா என்றேன்.

"அறுப்பு அறுக்கிறது, கூடை முடையறது. ரெண்டையும் எழுது தம்பி. தெளிவா எழுது, பொறவு வேற எவனும் எழுதப்படாது."

கட்டத்தில் ஒண்ணுக்குத்தான் இடம். ரெண்டாவதை ஓரத்தில் எழுதி, அவர் கைநாட்டை அதுக்குப் பக்கத்திலேயே வாங்கினேன். கம்ப்யூட்டரில் 'கூலி' என்று மட்டும்தான் ஏறியது.