ஹெப்பரினும் நாங்களும்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வீட்டுக்குப் பயன்படும் ஒரு விடயத்தைப் பேசுங்கள் என்று வைத்தியத்துறைக்குப் போன எங்களிடம் சங்கம் கேட்டது. எங்களில் பலருடைய பெற்றோர் பைபாஸ் வயதுக்கு வந்துவிட்டார்கள். அதனால் ஹெப்பரினைத் தெரிவு செய்தோம்.

இதய சத்திரசிகிச்சையின்போது குருதி பெரும்பாலும் இதய நுரையீரல் இயந்திரத்தினூடாக ஓடித் திரும்புகிறது. அங்கே உறையாதிருக்க ஹெப்பரின் கொடுக்கிறோம். 1916இல் கண்டறியப்பட்ட மருந்து. இன்றும் பன்றிக் குடலிலிருந்துதான் எடுக்கிறார்கள். வேலை முடிந்ததும் புரோட்டமின் கொடுத்து முறித்துவிடலாம். அந்த வசதியால்தான் அதை விட எங்களுக்கு மனம் வருவதில்லை.

ஆனால் நூற்றில் 1 முதல் 3 பேருக்கு, ஹெப்பரினும் குருதிச் சிறுதட்டுகளிலிருந்து வரும் ஒரு புரதமும் சேர்ந்த கூட்டுக்கு எதிராக உடல் பிறபொருளெதிரிகளை உண்டாக்கி, அவை சிறுதட்டுகளையே தூண்டிவிடுகின்றன. சிறுதட்டு குறைந்தால் குருதி வழியும் என்றுதானே படித்தோம்? இங்கே உறைகிறது: காலில், நுரையீரலில், சிலவேளை மூளையில். கால் இழந்தவர்களும் உண்டு.

கண்டுபிடிப்பதுதான் கடினம். சத்திரசிகிச்சைக்குப் பின் முதல் இரண்டு மூன்று நாட்கள் எல்லோருக்கும் எண்ணிக்கை குறையும், பிறகு ஏறும். ஏறியது 5ஆம் நாளுக்கும் 10ஆம் நாளுக்கும் இடையில் மறுபடி விழுந்தால் நாங்கள் விழித்துக்கொள்வோம். அப்போது நோயாளி வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருப்பார்.

சந்தேகம் வந்ததும் ஹெப்பரின் முழுவதையும் நிறுத்துவோம், ஊசிக்குழாய் கழுவும் துளியைக்கூட. நிறுத்தினால் மட்டும் போதாது; ஆர்கட்ரோபன் போன்ற வேறொரு மருந்து உடனே வேண்டும். வார்பரின் சிறுதட்டு 150,000 தாண்டிய பிறகுதான். குருதி வழியாதவரை சிறுதட்டு ஏற்றுவதில்லை.

இவர்களுக்கு மறுபடி சத்திரசிகிச்சை என்றால், பிறபொருளெதிரிகள் மறையும்வரை, ஏறக்குறைய மூன்று மாதம், பொறுப்பது நல்லது. பொறுக்க முடியாவிட்டால் பைவலிருடின் இருக்கிறது. அட்டையின் உமிழ்நீரிலுள்ள பொருளைப் பார்த்துச் செய்தது (மலைநாட்டு அக்காமார் சிரிக்கிறார்கள்). அதை முறிக்க மருந்தில்லை. அதன் வலு தானாகக் குறையும்வரை காத்திருப்போம்.

வீடு திரும்பி இரண்டு வாரத்துக்குள் கால் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். ஹெப்பரின் ஏற்றியதைச் சொல்லுங்கள். இந்நோய் உறுதியானால், நோய் நிர்ணய அட்டையில் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். அட்டையின் படம் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகளின் தொலைபேசியிலும் இருக்கட்டும்.