அண்டி ஆபீஸும் உலகச் சந்தையும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'உலகமயமாக்கலும் வணிகப் போட்டியும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். செயலாளர் தொலைபேசியில் சொன்னபோது, "பெரிய கம்பெனிகளைப் பற்றி எனக்கென்ன தெரியும்?" என்று கேட்டேன். "தெரிஞ்சதைப் பேசும்வே" என்றார். எனக்குத் தெரிந்தது அண்டி ஆபீஸ். அதைப் பற்றியே பேசுகிறேன்.

வெளியூர் மாணவர்களுக்காக ஒரு விளக்கம். கல்குளம், விளவங்கோடு பக்கம் முந்திரிக் கொட்டையை அண்டி என்போம். அதை வறுத்து, உடைத்து, தோல் உரித்து, தரம் பிரிக்கும் ஆலைதான் அண்டி ஆபீஸ். பெயர்தான் ஆபீஸ், உள்ளே மேசை நாற்காலி கிடையாது. தரையில் குத்தவைத்து உட்கார்ந்து பெண்கள் வேலை செய்வார்கள். என் அம்மையும் அவர்களில் ஒருத்தி.

முந்திரி ஓட்டில் உள்ள எண்ணெய் கையைப் பொள்ளவைத்துவிடும். அந்தக் கறுப்பு எந்தச் சோப்புக்கும் போகாது. உடைத்த பருப்பை எடை போட்டுத்தான் கூலி. முழுப் பருப்புக்கு ஒரு மதிப்பு, உடைந்ததற்கு வேறு மதிப்பு. "ஒரு பருப்பு ரெண்டாயிட்டா நம்ம காசும் ரெண்டாயிரும் மக்களே" என்பாள் அம்மை. இந்தக் கல்லூரியில் நான் பி.காம். படித்தபோது கட்டிய தேர்வுக் கட்டணமெல்லாம் அப்படி உடையாமல் எடுத்த பருப்புதான்.

அம்மை சொன்னதுதான் உலகச் சந்தையின் கணக்கும். டபிள்யூ 180, டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று தரம் பிரிப்பார்கள். 320 என்றால் ஒரு பவுண்டு எடைக்கு ஏறக்குறைய அத்தனை முழுப் பருப்பு. எண்ணிக்கை குறையக் குறையப் பருப்பு பெரிது, விலை கூடுதல். கருங்கலிலும் புதுக்கடையிலும் சுத்தியலைப் பிடித்த கையின் நிதானம்தான் நியூயார்க்கில் விலையைத் தீர்மானித்தது.

உலகமயமாக்கல் 1991-ல்தான் நம் நாட்டுக்கு வந்தது என்று நாம் படித்திருக்கிறோம். அண்டிக்கு அது பொருந்தாது. மரமே பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. 1920-களிலேயே கொல்லத்திலிருந்து பருப்பு அமெரிக்காவுக்குக் கப்பலேறத் தொடங்கிவிட்டது. நம் விளைச்சல் போதாமல், ஆப்பிரிக்காவிலிருந்து கச்சா அண்டியை இறக்குமதி செய்து, இங்கே உடைத்துத் திருப்பி அனுப்பினார்கள். கேரளத்தில் குறைந்தபட்சக் கூலி உயர்ந்ததும், முதலாளிகள் பலர் களியக்காவிளையைத் தாண்டி நம் பக்கம் ஆபீஸ் திறந்தார்கள். நம் ஊருக்கு வேலை வந்தது. ஏன் வந்தது? இங்கே கை மலிவு. அதை நாம் மறந்துவிடக் கூடாது.

படிப்பு முடிந்து தூத்துக்குடியில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கராகச் சேர்ந்தேன். 1990-களில் மொசாம்பிக்கிலிருந்து மூட்டை மூட்டையாகக் கச்சா அண்டி வந்தது. தாராளமாகச் சரக்கு கிடைக்கிறது என்று எங்களுக்கெல்லாம் சந்தோஷம். அது ஏன் வந்தது என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த நாடு தன் ஆலைகளைக் காப்பாற்றுவதற்காகக் கச்சா முந்திரி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. உலக வங்கியின் வற்புறுத்தலால் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. கொட்டை இந்தியாவுக்குக் கப்பலேறியது, அங்கே ஆலைகள் மூடின. சுமார் 10,000 தொழிலாளர்களில் பெரும்பாலோர் 2001 வாக்கில் வேலை இழந்துவிட்டார்கள். விவசாயிக்காவது நல்ல விலை கிடைத்ததா என்றால், அதுவும் சொற்பம்தான் என்று ஆய்வு செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். என் அம்மையைப் போன்ற பெண்கள் அங்கேயும் இருந்திருப்பார்கள். அவர்கள் வேலைதான் நம் ஆபீஸுக்கு வந்தது. நான் பேரேட்டில் அதை 'கொள்முதல்' என்று எழுதினேன்.

அடுத்த முறை நம் வீட்டுக்கே வந்தது. வியட்நாமில் விளைச்சல் அவர்கள் ஆலைகளுக்குப் போதாது. அவர்களும் ஆப்பிரிக்காவிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் வாங்குகிறவர்களே. ஆனால் உடைப்பதற்கும் உரிப்பதற்கும் சொந்தமாகவே எந்திரம் செய்யத் தொடங்கினார்கள். நாங்கள் சிரித்தோம். "எந்திரம் உடைச்சா எல்லாம் பொடியாத்தான் போவும், நம்ம பொம்பளையளுக்க கை மாதிரி வருமா?" என்று பேசிக்கொண்டோம். முதலில் அது உண்மையாகவும் இருந்தது. ஆனால் அவர்கள் எந்திரத்தை ஆண்டுதோறும் திருத்தினார்கள். 2006-ல் பருப்பு ஏற்றுமதியில் வியட்நாம் நம்மை முந்தி முதலிடம் பிடித்தது. 2006-07-ல் ஏறக்குறைய 1,18,000 டன் ஏற்றுமதி செய்த நாம் 2018-19-ல் 67,000 டன்னுக்குள் வந்துவிட்டோம். 2024-ல் வியட்நாமின் ஏற்றுமதி 7 லட்சம் டன்னுக்கும் மேல்.

நாம் எங்கே தவறினோம்? கணக்கனாக எனக்குத் தெரிந்த பதில் இது. உலகத்திலேயே யாருக்கும் இல்லாத கைத்திறன் நம்மிடம் இருந்தது. எங்கள் ஏட்டில் அது 'கூலி' என்ற ஒரே தலைப்பின் கீழ் இருந்தது. அதுவும் எப்படிக் குறைக்கலாம் என்று பார்க்கிற தலைப்பு. திறமையைத் திறமையாக விற்காமல் மலிவாக விற்றோம். மலிவை நம்பித் தொழில் நடத்தினால், நம்மைவிட மலிவான ஒருவன் ஒருநாள் வருவான். அவன் மனிதனாகவும் இருக்கலாம், எந்திரமாகவும் இருக்கலாம்.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2016-ல் கச்சா முந்திரிக்கு 5 சதவீதம் வரி போட்டு, தொழில் தாங்காது என்று 2018-ல் 2.5 ஆகக் குறைத்தது. வெளிநாட்டுப் பருப்பு மலிவாக நுழையாதபடி 2019-ல் குறைந்தபட்ச இறக்குமதி விலையை உயர்த்தி, முழுப் பருப்புக்குக் கிலோ 720 ரூபாய் என்று வைத்தது. ஆனாலும் இன்று நம் தொழிலைத் தாங்கி நிற்பது உள்ளூர்ச் சந்தைதான். உலகத்திலேயே அதிகமாக முந்திரி தின்கிறவர்கள் நாம். எந்திரத்தையும் வைத்துக்கொண்டு, சொந்தப் பெயரில் பாக்கெட் போட்டு, இங்கேயே விற்கக் கற்றவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். ஏற்றுமதியாளர் அனுப்பும் ஒரே ஆர்டரை நம்பியிருந்தவர்கள் கதவைப் பூட்டினார்கள். இதற்கிடையில் கச்சா முந்திரி விளைச்சலில் முதலிடத்துக்கு வந்துவிட்ட ஐவரி கோஸ்ட் நாடு, தன் கொட்டையைத் தானே உடைக்க ஆலைகள் கட்டிக்கொண்டிருக்கிறது. அவர்கள் செய்வது நியாயம்தான். வியட்நாமுக்கும் இனி அந்தக் கவலை உண்டு.

மாணவச் செல்வங்களே, நாளை நீங்கள் போய்ச் சேரும் கணினி நிறுவனத்திலும் இதே கணக்குதான் ஓடும். "உன்னை ஏன் வேலைக்கு வைத்திருக்கிறோம்?" என்ற கேள்விக்கு, "இவன் சம்பளம் குறைவு" என்பது ஒன்றே பதிலாக இருந்தால், உங்கள் நாற்காலியும் இரவல்தான். வேறு பதில் ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வணிகவியல் துறை மாணவர்கள் ஓர் ஆண்டு முயன்று, நம் மாவட்டத்தில் எத்தனை அண்டி ஆபீஸ் இருந்தது, எத்தனை மூடியது, அந்தப் பெண்கள் இப்போது எப்படிப் பிழைக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத வேண்டும். பஸ் செலவை நாம் ஏற்போம். முதல் தொகையை இன்றே செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். அதில் தெரியவரும் பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்ட ஒரு நிதியும் வைப்போம்.

என் பட்டமளிப்பு விழாவுக்கு அம்மை வந்திருந்தாள். போட்டோ எடுக்கும்போது இரண்டு கைகளையும் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். கையைக் காட்டச் சொல்ல எனக்கு அன்று தோன்றவில்லை. அந்தக் குறை இன்றும் இருக்கிறது. அதனால்தான் இந்த மேடையில் வேறு எந்தக் கம்பெனியைப் பற்றியும் பேச எனக்கு மனம் வரவில்லை.