கலங்கும் வேளையில் ஐம்புலன்கள்

(பரமத்தி வேலூரில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



உங்கள் காணிக்கைகளினால் நடைபெறும் இந்த ஊழியத்தில் நாங்கள் அதிக நேரம் நிற்குமிடம் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே உள்ள வராந்தாதான். அங்கே காத்திருப்போரிடம், "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரிவதில்லை. கையிலிருக்கும் காப்பி ஆறிப்போயிருக்கும். சரீரம் பெஞ்சில் இருக்கிறது. மனமோ கடன் பத்திரத்திலும், நாளை வரப்போகும் ரிப்போர்ட்டிலும், இன்னும் நடவாத ஒரு சாவு வீட்டிலும் அலைகிறது. இதை விசுவாசக் குறைவு என்று சிலர் சொல்வதுண்டு. நாங்கள் அப்படி எண்ணுவதில்லை. ஆபத்தைக் கண்டால் இருதயம் படபடப்பதும், மூச்சு மேலேறுவதும், மற்றெதுவும் கண்ணில் படாமல் போவதும் சரீரத்தின் இயல்பு.

இதை விளங்கிக்கொள்ள, நம் கொல்லிமலையில் பிறந்த ஒருவர் உதவுகிறார். மிஷனெரிகளான ஜெசி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் தம்பதியருக்கு 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். (அந்த வேலூர் வேறு, நம் வேலூர் வேறு. வெளியூர் நண்பர்கள் குழம்புவதுண்டு!) தொழுநோயினால் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்றே அந்நாளில் பலரும் எண்ணினார்கள். உணர்ச்சியற்ற கையில் பட்ட சூடும் வெட்டும் தெரியாமல் போவதே பெருஞ்சேதத்துக்குக் காரணம் என்று அவர் எடுத்துக்காட்டினார். இரவில் எலி கடிப்பதுகூடத் தெரியாமல் விரலை இழந்தவர்கள் இருந்தார்கள். அதற்காகவே நோயாளிகளுக்குப் பூனை கொடுக்கப்பட்டது. தொட்டால் தெரியாத கையைத் தினமும் கண்ணால் பார்த்துச் சோதிக்க அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

கலங்கிய மனிதனுக்கும் ஏறக்குறைய இதே நிலைமைதான். அவனுடைய கை நன்றாயிருக்கிறது, கவனம் மரத்துப்போயிருக்கிறது. ஆகவே புலன்களை ஒவ்வொன்றாய், வேண்டுமென்றே எழுப்பவேண்டும். மனநல ஆலோசகர்கள் சொல்லித்தரும் பயிற்சி ஒன்று உண்டு: கண்ணில் படும் ஐந்து பொருள்கள், தொட்டு உணரும் நான்கு, காதில் விழும் மூன்று சத்தங்கள், இரண்டு வாசனைகள், ஒரு ருசி என்று வரிசையாய்ச் சொல்லிப் பார்ப்பது. நாங்கள் எண்ணிக்கையை வற்புறுத்துவதில்லை. பாதங்களைச் சிமெண்ட் தரையில் ஊன்றி அதன் குளிர்ச்சியை உணரச் சொல்வோம். மூச்சை மெதுவாய் வெளியே விடச் சொல்வோம். கொடிக்காலில் வேலை செய்பவரின் மடியில் வெற்றிலை இருந்தால், அதைக் கிள்ளி முகர்ந்து பார்ப்பதே போதும். சூடான டம்ளரை இரு கைகளாலும் பிடிப்பதும் நல்லதே.

2020-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட மன அழுத்தக் கைப்பிரதியிலும் முதல் பாடம் இதுவே. அதற்கு அடிப்படையான பயிற்சி, உகாண்டாவின் ரைனோ முகாமில் தென் சூடான் அகதிப் பெண்கள் ஏறத்தாழ 700 பேரிடையே ஆராயப்பட்டது. குழுவாய் அமர்ந்து, ஒலிப்பதிவைக் கேட்டு, ஐந்து வாரம் பயின்ற பெண்களுடைய மனவேதனை, மூன்று மாதங்களுக்குப் பின்னும் மற்றவர்களுடையதைக் காட்டிலும் குறைந்திருந்தது. நடத்தியவர்கள் மருத்துவர்கள் அல்ல என்பதைக் கவனியுங்கள்.

ஆனாலும் எச்சரிக்கை தேவை. விபத்தில் தப்பியவருக்கு ஸ்பிரிட் வாசனையே பயத்தைத் திரும்பக் கொண்டுவரலாம். அப்போது வேறு புலனை நாடவேண்டும். கண்ணை மூடினால் சிலருக்குத் திகில் அதிகமாகும்; திறந்தே இருக்கட்டும். இதனால் கடன் அடையாது, கட்டி கரையாது. வாரக்கணக்கில் தூக்கமில்லாதவரையும், சாவைப் பற்றியே பேசுகிறவரையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற இலவச எண்ணில் 2022 முதல் அரசின் டெலி மானஸ் ஆலோசனை கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

எலியாவை நினைத்துப் பாருங்கள். சூரைச்செடியின் கீழ் சாவை வேண்டிப் படுத்திருந்தவனுக்கு தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தொட்டு எழுப்பினான்; சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. தின்று குடித்து அவன் மறுபடியும் படுத்துக்கொண்டான்; அதற்காக ஒருவரும் கடிந்துகொள்ளவில்லை.

உங்களில் பலர் வார்டுகளுக்கு வருகிறீர்கள். வந்தவுடனே, "எப்படி ஆச்சு? டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்பது நம் வழக்கம். அதற்கு முன் ஒரு பிளாஸ்க் காப்பியோடு பக்கத்தில் உட்காருங்கள். டம்ளரை அவர்கள் கையில் கொடுத்து, "சூடு சரியா இருக்கா, சர்க்கரை போதுமா?" என்று கேளுங்கள். முதல் வாய் குடித்து அவர்கள் பதில் சொல்லும் வரைக்கும் பொறுத்திருங்கள்.