வாவியின் இரு கரைச் சோறு



மட்டக்களப்புக்குச் செல்லும் பிரயாணிகள் பலர், அங்குள்ள வாவியில் பாடுவதாகக் கூறப்படும் பாடுமீனைப் பற்றிக் கேட்டறிந்து, கோட்டையையும் கண்டு களித்த பின்னர், சோற்றை மாத்திரம் தாங்கள் தங்கிய விடுதியின் மேசையிலேயே உண்டு திரும்பிவிடுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த மனவருத்தம் தரும் விஷயமாகும். அந்நாட்டின் ருசி வாவியின் இரு கரைகளிலும் பரந்து கிடக்கிறது. கால்நடையாகச் சஞ்சரிப்பவர்களுக்கே அது முழுமையாக அகப்படும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் அந்த வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய மணற்பாங்கான எழுவான்கரை, மீனும் இறாலும் தேங்காயும் தருகிறது. மேற்கே வயல்வெளியும் மேய்ச்சல் தரையுமாக விரிந்த படுவான்கரையோ நெல்லையும் எருமைத் தயிரையும் அனுப்புகிறது. இவை யாவும் ஒரே பீங்கானில் வந்து கூடும் ஸ்தலம் நகரத்தின் சிறிய சாப்பாட்டுக்கடையே.

1628இல் போர்த்துக்கேயர் கட்டி, பத்தாண்டுகளில் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை நிற்கும் புளியந்தீவிலிருந்து புறப்பட்டு, வாவியோரமாகவே நடந்து சந்தைப் பக்கம் போகிறவர், பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டிராமல், மதிய வேளையில் எந்தக் கடை வாசலில் சைக்கிள்கள் நெருங்கி நிற்கின்றன என்பதைக் கவனித்தால் போதும். அத்தகைய கடையொன்றில் நான் நுழைந்தபோது, அகப்பையும் கையுமாக நின்ற முதியவர், "இரிங்க தம்பி, மீன் முடிஞ்சு போச்சு, இறால் ஆணம் கிடக்கு, ஊத்தவா?" என்று கேட்டார். பொலித்தீன் தாள் விரித்த பீங்கானில் சிவப்பரிசிச் சோறு. ஒருபுறம் முருங்கையிலை வறை, மறுபுறம் பருப்பு. நடுவே, தேங்காய்ப்பாலில் முருங்கைக்காயோடு வெந்து, ஓடு கழற்றாமல் கிடந்த வாவி இறால். விரலால் ஓட்டை உரித்து, அதனுள் தங்கிய ஆணத்தையும் உறிஞ்சிய பிறகே சோற்றில் கைவைக்க வேண்டும் என்று பக்கத்திலிருந்தவர் சொல்லித் தந்தார். கடைசியில் மண்சட்டித் தயிர் வந்தது. கரண்டி பட்ட இடம் வெட்டினாற்போல் நிற்கும் கட்டித் தயிர். அதன்மேல் சீனி தூவி உண்பது அவ்வூர் வழக்கம்.

உண்ட களைப்பு நீங்கியதும் கல்லடிக்கு நடக்கலாம். அருகே புதிய பாலம் அமைந்துவிட்டபடியால், 1924இல் திறக்கப்பட்ட பழைய இரும்புப் பாலத்தில் நிதானமாக நின்று தோணிகளைப் பார்ப்பதற்கு இப்போது தடையில்லை. அங்கிருந்து தெற்கே தொடர்ந்து சென்றால் காத்தான்குடி. முஸ்லிம் மக்களின் சமையல் பிரசித்தி பெற்ற அந்த ஊரில் புளியாணத்தையும் வட்டிலப்பத்தையும் விசாரித்து உண்ணாமல் திரும்புவது பெருநஷ்டம். வெள்ளிக்கிழமையானால் ஜும்ஆத் தொழுகை முடிந்து கடைகள் மீண்டும் திறக்கும்வரை பொறுத்துச் செல்வது முறை.

இன்னும் தெற்கே போகக் கூடியவர்கள், குருமண்வெளித் துறையில் 'பாதை' என்று அவ்வூரார் வழங்கும் மிதவையில் ஏறி, முருகன் கோயில் கொண்ட மண்டூரை அடையலாம். அவர்கள் காலைத் தேத்தண்ணியை இக்கரையில் அருந்திவிட்டு, பசியை அக்கரைக்கு வைத்துக்கொள்வது உத்தமம்.