வயிற்றுவலியும் விளக்கெண்ணெயும்



விக்கிரவாண்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில் மாட்டின் வயிறு உப்பினால் உடனே வைத்தியரைத் தேடுகிற குடியானவர், தமது வயிறு வலித்தால் விளக்கெண்ணெயைக் குடித்துவிட்டு மூன்று நாள் பொறுத்திருப்பது விந்தையே.

அஜீரண வலிக்கு அதனால் பெருந்தீங்கு நேராமற் போகலாம். குடல்வால் வீங்கிய வலிக்கோ அது பேராபத்து. இவ்வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றில் இறங்கி நிலைத்துவிடும். பசி அற்றுப்போகும், வாந்தியும் இலேசான சுரமும் காணும், இருமினாலும் அவ்விடம் நோகும். அப்போது பேதிக்குக் கொடுத்தால், புழுப்போன்ற அச்சிறு குழல் வெடித்துச் சீழ் வயிறெங்கும் பரவக்கூடும். ஏழாம் எட்வர்டு மன்னருக்கு 1902 ஜூன் 26-இல் நடக்கவிருந்த முடிசூட்டு விழாவே இந்நோயால் ஒத்திப்போடப்பட்டது. சஸ்திர சிகிச்சையால் சீழை வெளியேற்றிய பின்னரே அவர் தேறினார்.

இரைப்பைப் புண் துளைத்துக்கொண்டால், கத்தியால் குத்தினாற்போல் திடீரென வலித்து வயிறு பலகைபோல் விறைக்கும். வயிறு உப்பி, மலமும் வாயுவும் அடைபட்டு, பச்சை நிறத்தில் வாந்தி கண்டால் குடலடைப்பு என்று ஐயுறவேண்டும். கைக்குழந்தை விட்டுவிட்டு வீறிட்டழுது, சளியும் இரத்தமுமாகக் கழிந்தால் குடல் செருகியிருக்கலாம். மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிறு வலித்து மயக்கம் வந்தால், கரு குழலில் தங்கி வெடித்திருக்கக்கூடும். நடுவயதினருக்கு வியர்வையோடு வரும் மேல்வயிற்று வலியை வாயு என்று சொல்லிச் சோடா கொடுப்பது வழக்கம். அது மாரடைப்பாகவும் இருக்கலாம்.

இவர்களுக்கு ஆகாரமும் பேதிமருந்தும் கொடாமல் 108-ஐ அழைத்தல் வேண்டும். முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசினர் மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அதன் ஆஸ்பத்திரியில் சஸ்திர சிகிச்சையும் உண்டு. வழியில் வலி தணிந்துவிட்டதென்று வண்டியைத் திருப்பலாகாது. குடல்வால் வெடித்தவுடனும் வலி சற்று நேரம் குறைவதுண்டு.